சந்தனம் பட்ட வண்டி

இரண்டு கால்களும் போன பிறகுதான் வீரமுத்து ஓரிடத்தில் உட்கார மாட்டாத மனிதர் என்பது தோட்டத்து லயத்துக்கு முழுதாகப் புரிந்தது. கால் இருந்தவரை அதை யாரும் கவனித்ததில்லை. லாரிக்காரன் அலைவது இயல்புதானே என்று விட்டுவிட்டார்கள். மலேசியாவில் லிங்கிப் பக்கத்துத் தோட்டங்களில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலையை ஏற்றி, ஆலையில் கொட்டிவிட்டு, திரும்பி வந்து மறுபடி ஏற்றுவது அவருடைய பிழைப்பு. ஆலை வரிசையில் மற்ற ஓட்டுநர்கள் இருக்கையைச் சாய்த்துத் தூங்குவார்கள். இவர் மட்டும் இறங்கி, முன்னால் நிற்கும் லாரிகளின் டயரையெல்லாம் தட்டிப் பார்த்தபடி வரிசையின் முன்முனை வரை போய் வருவார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார மாட்டார். சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விடுவார்.

"தாலி கட்டுறப்பயே எந்திரிச்சு எந்திரிச்சுப் பாத்த மனுசன்" என்பாள் அவர் மனைவி குமுதவல்லி. "எங்கப்பாதான் தோள அமுக்கிப் பிடிச்சிக்கிட்டு இருந்தாரு."

இனிப்புநீர் நோய் அவரை அமுக்கிப் பிடித்தது. பிரேக் மிதிக்கும் காலில் ஒரு கொப்புளம் வந்தது. மஞ்சள் பற்றுப் போட்டார்கள். மந்திரித்த தண்ணீர் தெளித்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ கொடுத்த எண்ணெயைத் தடவினார்கள். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கடைசியாகப் போனார்கள். அந்தக் கால் முழங்காலுக்கு மேலே வெட்டுப்பட்டது. அடுத்த கால் வெகுநாள் காத்திருக்கவில்லை. இப்படிக் காலைப் பறிகொடுத்த நம் சனங்களை வரிசையாக நிறுத்தினால் லயத்துக்கு ஒருவர் தேறுவார். நிறுத்தத்தான் முடியாது, உட்கார வைக்க வேண்டும். விதி என்று சொல்லிவிட்டு, டின் பால் ஊற்றிய தேநீரை இன்னொரு குவளை கேட்கிற கூட்டம் இது. விதிக்கு ஊசி குத்தி ரத்தம் எடுத்துப் பார்க்க ஊருக்கு ஊர் கிளினிக் இருக்கிறது என்பதை யார் எடுத்துச் சொல்வது?

வீடு திரும்பியவரைப் பின்ஜன்னலோரம் கட்டிலில் கிடத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். பல மாதம் அந்தச் சுவரைத்தான் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஆள் தள்ளுகிற சக்கர நாற்காலி ஒன்று கொடுத்திருந்தார்கள். ஆனால் லயத்து வாசலிலிருந்து செம்மண் ரோடு மேடேறிப் போகிறது. அதில் தள்ளிக்கொண்டு போக ஆள் வேண்டும். ஆள் கூப்பிட்டுத்தான் வெளியே போக வேண்டும் என்றால் வெளியே போகவே வேண்டாம் என்று வீரமுத்து சொல்லிவிட்டார். "என்னா, என்னைய பாசார் பையி மாதிரி தூக்கிட்டு அலையப் போறீங்களா?" கட்டில் சட்டத்தைக் கையால் தட்டிக்கொண்டே கிடந்தார். அந்தத் தட்டல் நின்றால் தூங்கிவிட்டார் என்று குமுதவல்லி தெரிந்துகொள்வாள்.

அப்புறம்தான் மின்சாரத்தில் ஓடும் நாற்காலி வண்டி வந்தது. சிரம்பானில் உள்ள ஒரு நலச் சங்கம் கொடுத்தது. அதன் செயலாளர் செல்லப்பா ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகஸ்தர், இலங்கைத் தமிழர், வெள்ளைச் சட்டையின் மடிப்புக் கலையாத மனிதர். மேடையில் வீரமுத்துவுக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு, "இது எங்கட சங்கத்தின்ர சொத்து. உங்களை நம்பி ஒப்படைக்கிறோம். கவனமாப் பாத்துக்கொள்ளுங்கோ" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். மேடைப் பேச்சில் வரும் சொத்து என்ற சொல்லுக்கு யார் பொருள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்?

வலது கைப்பிடியில் ஒரு சின்னப் பெட்டி. அதன் மேல் கட்டைவிரல் பருமனில் ஒரு குச்சி. குச்சியை முன்னால் சாய்த்தால் வண்டி முன்னால் போகும், பக்கவாட்டில் சாய்த்தால் திரும்பும். கற்றுக்கொள்ள அவருக்கு நேரம் பிடிக்கவில்லை. அன்று மாலையே செம்மண் மேட்டில் ஏறி, மாரியம்மன் கோயிலைச் சுற்றி, பழைய ஆபீஸ் வரைக்கும் போய், குமுதவல்லி தேடி வருவதற்குள் வேறு வழியாக வீடு வந்து சேர்ந்துவிட்டார். குலை வெட்டும் பங்களாதேஷ் பையன்கள் அவரை மலாயில் "பாச்சிக் டிரைவர்", டிரைவர் மாமா, என்று கூப்பிட்டுக் கையசைத்தார்கள்.

வண்டி வேலையும் வாங்கிக் கொடுத்தது. தோட்டத்து ரோடு லிங்கிச் சாலையில் சேரும் முச்சந்தியில் சீன முதலாளி லிம் தவுக்கே குலை வாங்கும் களம் வைத்திருக்கிறார். உள்ளே நுழைகிற எந்த லாரியும் எடைமேடை மேல் ஏறித்தான் நுழைய வேண்டும். மேடைக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை. அதில் உட்கார்ந்து எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க ஆள் வேண்டியிருந்தது. லாரி ஓட்டிய காலத்திலிருந்தே தவுக்கேக்கு வீரமுத்துவைத் தெரியும். எந்த ஓட்டுநர் குலைக்கு அடியில் மண்ணைப் போட்டு ஏற்றுவான் என்பது வீரமுத்துவுக்குத் தெரியும் என்பதும் தெரியும். வேலை கிடைத்தது. வரும் லாரி, போகும் லாரி, ஓட்டுநர்களின் ஏச்சு, புகை, ஹாரன் சத்தம். கட்டில் சட்டத்தைத் தட்டும் பழக்கம் நின்றது.

அந்த நிலையில்தான் ஆயுத பூஜை வந்தது.

அவர்கள் இருந்த கிளெனரி தோட்டத்தில் தீபாவளிகூடச் சில வருடம் சோர்ந்து போகும், ஆயுத பூஜை சோராது. மோட்டோ, கார், வேன், குலை வெட்டும் அரிவாள், மருந்து அடிக்கும் தோம்பு என்று எல்லாம் கழுவப்பட்டுக் கோயில் முன்னால் வந்து நிற்கும். சந்தனம், குங்குமம், மாலை, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். குமுதவல்லி சக்கர நாற்காலியையும் கழுவினாள்.

"ஏய், இது கரண்டு சாமான். தண்ணி ஊத்தாத" என்றார் வீரமுத்து.

"லாரிக்குச் செஞ்சப்ப சும்மா இருந்தீங்க. இப்ப சோறு போடறது இதுதானே, இதுக்கு வேணாமா?"

அவருக்கே உள்ளூர ஆசைதான். லாரியின் ஸ்டியரிங்கில் வருடா வருடம் பொட்டு வைத்தவர். அவள் சந்தனத்தைப் பன்னீரில் குழைத்தாள். கெட்டியாக இருந்தால் காய்ந்து உதிர்ந்துவிடும் என்று நீர்க்கவே குழைத்தாள். குச்சியின் அடிப்பக்கம், பெட்டியின் விளிம்பு, சார்ஜ் போடும் துவாரத்தைச் சுற்றி என்று தாராளமாகப் பூசினாள். எலுமிச்சம்பழங்கள் நசுங்க, கற்பூரம் எரிய, வீரமுத்து வண்டியை முன்னால் நகர்த்தினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மின்சாரப் பெட்டிக்குள் பன்னீர் இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. ஓடுகிற சாமானைப் பார்த்தால் அதற்கு எண்ணெய் வேண்டுமா துடைப்பு வேண்டுமா என்று கேட்கத் தோன்றாமல், பொட்டு எங்கே வைப்பது என்று தேடும் கைகள் நம்முடையவை.

சில நாள் கழித்து வேலைக்குப் போகும் வழியில், செம்பனைக்கு நடுவில், வண்டி கீச்சென்று கத்திவிட்டு நின்றது. பெட்டியில் சிவப்பாக ஒரு ஸ்பானர் படம் எரிந்தது. குச்சியை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அசையவில்லை. இரண்டு பக்கமும் மரம், முன்னும் பின்னும் வெறும் ரோடு. வீரமுத்து உடம்பை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, கைப்பிடியை உலுக்கிப் பார்த்தார். வண்டி பாறாங்கல்லாக நின்றது. குலை வெட்டிக்கொண்டிருந்த பையன்கள் ஓடி வந்து, சக்கரத்துப் பூட்டை விடுவிக்கும் நெம்புகோலை எப்படியோ கண்டுபிடித்து, மூச்சு வாங்க வாங்க வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"பாச்சிக், ரோசாக்," கெட்டுப்போச்சு என்றான் ஒருவன், வருத்தத்தோடு.

கம்பெனிக்குப் போன் போட்டார். ஷா ஆலமில்தான் அங்கீகரிக்கப்பட்ட டீலர். நாடு முழுதுக்கும் அவர்கள் ஒருவர்தான். பாட்டு ஓடியது, மறுபடி ஓடியது. கடைசியில் ஒரு பெண் குரல், படம் எடுத்து அனுப்பச் சொன்னது. குமுதவல்லி துடைத்துப் பார்த்தாள். விளிம்புச் சந்தில் இறங்கிய சந்தனமும் குங்குமமும் போகவில்லை. படத்தில் பளிச்சென்று தெரிந்தது. பதில் மறுநாளே வந்தது. திரவம் உள்ளே போயிருக்கிறது, வாரண்டி கிடையாது. வண்டியை ஷா ஆலமுக்கு அனுப்பினால் சோதித்துச் சொல்வார்கள். பெட்டியை மாற்ற வேண்டுமானால் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், தைப்பூசம் வரைக்கும் ஆகலாம். இடையில் வேறு எவரும் திறக்கக் கூடாது.

"சந்தனம் என்னா திராவகமா?" என்றாள் குமுதவல்லி. சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

தவுக்கே நல்லவர்தான். வாரக் கடைசி வரைக்கும் தன் அக்காள் மகளைக் கொட்டகையில் உட்கார வைக்கிறேன், அதற்கு மேல் அவள் கோலாலம்பூர் திரும்ப வேண்டும், அப்புறம் வேறு ஆள்தான் பார்க்க முடியும் என்றார். தோட்டத்து ரோட்டில் பஸ் கிடையாது. தூக்கிப் போய் விட்டு, தூக்கி வர ஆளும் கிடையாது. வேலை போனால் அடுத்து என்ன என்பது வீரமுத்துவுக்குத் தெரியும். ஜன்னல், அதற்கு வெளியே குளியலறைச் சுவர். அன்று முழுதும் கட்டில் சட்டத்தைத் தட்டினார். லயத்து அடுத்த வீட்டுக்காரி வந்து, ஏதாவது ஆணி அடிக்கிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் வண்டியை ஒரு வேனில் ஏற்றி ராசா என்ற ஊருக்குக் கொண்டுபோனார்கள். குமுதவல்லியின் தம்பி மகன் முகுந்தன் அங்கே மோட்டோ பட்டறை வைத்திருக்கிறான். இப்போது மின்சார ஸ்கூட்டர்களும் வருகின்றன. முகுந்தன் குனிந்து பெட்டியைச் சுற்றிப் பார்த்தான்.

"மாமா, திருகாணி மேல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான். கிழிச்சா அதோட முடிஞ்சுச்சு."

"வாரண்டி இல்லைன்னு சொல்லிட்டான்லா. செத்தவனுக்கு ஊசி பயமா? கிழி."

"ஆணியும் ஒரு தினுசா இருக்கு. நம்ம ஸ்குரூ டிரைவர் எதுவும் பிடிக்காது."

"எதுக்குப்பா அப்பிடி?" என்றாள் குமுதவல்லி.

"நம்ம தொறக்கக் கூடாதுன்னுதான் அத்தை. வேற எதுக்கு?"

ஒரு காலத்தில் கர்ப்பக்கிரகத்துக்குள் யார் போகலாம், யார் போகக் கூடாது என்பதை ஒரு கூட்டம் முடிவு செய்தது. கல்லைச் செதுக்கியவன் வெளியே நின்றான். மணியாட்டியவன் உள்ளே நின்றான். அதை எதிர்த்து நம் ஆட்கள் அடிபட்டார்கள், சிறைக்குப் போனார்கள். இன்றைக்கு அந்தக் கர்ப்பக்கிரகம் உள்ளங்கை அகலப் பெட்டிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. வாசலில் ஒட்டுத்தாள். உள்ளே போக உரிமை பெற்றவர் ஷா ஆலமில் இருக்கிறார். அவர் வரும்வரை கால் இல்லாதவன் நடைவாசலில் கிடக்க வேண்டும்.

முகுந்தன் ஒரு பழைய ஆணியை ராவிச் சாவி செய்து திறந்தான். உள்ளே செருகுமுனைகள் பச்சை பூத்திருந்தன. பச்சைக்கு மேல் மஞ்சளாகச் சந்தனம்.

"அத்தை, சாமிக்குப் பூசினது சர்க்யூட்டுக்குப் போயிருச்சு" என்றான் சிரித்துக்கொண்டே.

குமுதவல்லி சிரிக்கவில்லை. "அப்ப நான்தானா?"

"ஆமா, நீதான்" என்றார் வீரமுத்து. "நானுந்தான். வேணாம்னு சொல்லிட்டு உட்காந்துதானே இருந்தேன். அத விடு."

முகுந்தன் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தான். ஈரம் காயுமுன் அவசரப்பட்டு மாட்டியதில் ஒரு பியூஸ் போனது. தலையில் அடித்துக்கொண்டு வேறொன்று போட்டான். மறுபடி மாட்டி அழுத்தியபோது விளக்குகள் பச்சையாக எரிந்தன. வீரமுத்துவின் கை தானாகக் குச்சிக்குப் போனது. அப்போது மறுபடி அந்தச் சிவப்பு ஸ்பானர். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது: டீலரைத் தொடர்பு கொள்ளவும்.

முகுந்தன் போனில் துழாவினான். எங்கெங்கோ உள்ள மெக்கானிக்குகள் இதே வண்டியைப் பற்றிப் புலம்பியிருந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

"கோளாறு இல்ல மாமா. மோட்டரு நல்லாருக்கு, பேட்டரி நல்லாருக்கு, வயரு நல்லாருக்கு. ஒருதரம் நின்னுச்சுன்னா டீலரு லேப்டாப்ப மாட்டி 'சரி, போ'ன்னு சொன்னாத்தான் போகுமாம். அந்த புரோகிராம் வெளிய யார்கிட்டயும் இல்ல."

"நோய் தீந்துருச்சு. டாக்டரு சீட்டு இல்லாம எந்திரிக்க மாட்டேங்குது, அதானே?"

"அதான்."

வீரமுத்து பட்டறைக்குள் பார்வையை ஓட்டினார். பட்டறை நாற்காலி ஒன்றில் அவரை உட்கார வைத்திருந்தார்கள். அவர் கை அதன் காலைத் தட்டத் தொடங்கியிருந்தது. "அந்த லேப்டாப்புக்காரன் எங்க இருப்பான்?"

தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. செல்லப்பாவின் சங்கம் அந்த வாரமே சி ரூசாவில் ஒரு கடற்கரை ஹோட்டலில் புதிதாகச் சிலருக்கு வண்டி கொடுக்கப் போவதாகவும், கம்பெனி ஆளே வந்து ஓட்டிக் காட்டுவார் என்றும் லயத்தில் எல்லோருக்கும் வாட்சாப் வந்திருந்தது. முகுந்தன் வண்டியையும் மாமாவையும் தன் பட்டறை வேனில் ஏற்றிக்கொண்டான்.

ஹோட்டல் கூடத்தில் கம்பளம் விரித்திருந்தது. அதன் மேல் புதிய வண்டி ஒன்று வழுக்கிக்கொண்டு போய் வந்தது. ஓட்டிக் காட்டியவர் பிரேமநாதன், டீலரின் சர்வீஸ் அதிகாரி, நாற்பது வயதுக்காரர், செல்லப்பாவைப் போல இலங்கைத் தமிழர், நிதானமான பேச்சு. வண்டி பெறக் காத்திருந்தவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். முகுந்தன் பூட்டை விடுவித்து, செத்த வண்டியில் உட்கார்ந்திருந்த வீரமுத்துவைத் தள்ளிக்கொண்டு நேராக அவர் முன்னால் போய் நிறுத்தினான்.

"சார், இந்த ஸ்பானர அணைச்சு விடுங்க" என்றார் வீரமுத்து.

பிரேமநாதன் குனிந்து பார்த்தார். கிழிந்த ஒட்டுத்தாளைப் பார்த்தார். "அங்கிள், இதை வெளியாக்கள் திறந்திருக்கினம்."

"ஆமா, திறந்தோம். உள்ள சந்தனம் இருந்துச்சு. தப்பு எங்க மேலதான். தொடச்சாச்சு. இப்ப கோளாறு இல்ல. அணைச்சு விடுங்க."

"கோளாறு இருக்கா இல்லையா எண்டு நாங்கள்தான் சொல்லவேணும்."

"அப்ப பாத்துச் சொல்லுங்க. லேப்டாப் கொண்டாந்திருக்கீங்களா?"

பிரேமநாதன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். "கார்ல இருக்கு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நேரம் பிரச்சினை இல்ல அங்கிள். புரோசீஜர். திறந்த யூனிட்டை நான் ரிலீஸ் செய்தா, நாளைக்கு நீங்க ரோட்டில விழுந்தா கம்பெனிதான் பொறுப்பு. இண்டைக்கே ஷா ஆலமுக்கு ஏத்திக்கொண்டு போறன். உங்களுக்காக முன்னுக்குப் போடச் சொல்லுறன்."

"முன்னுக்குன்னா?"

"பொங்கலுக்குள்ள."

"அதுவரைக்கும் நான் எதுல போறது?"

அதற்குப் பிரேமநாதனிடம் புரோசீஜர் இல்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முன்வரிசையில் இருந்த மயிலம்மாள் என்ற கிழவி, அவளுக்கும் ஒரு கால்தான், பக்கத்தில் இருந்தவளிடம் தாழ்ந்த குரலில் கேட்டாள்: "இந்த வண்டி நின்னுச்சுன்னா அவ்வளவுதானாடி?" குரல் தாழ்ந்திருந்ததே தவிர, கூடம் முழுதும் கேட்டது.

"அவ்வளவுதாங்க," என்றார் வீரமுத்து, அவள் பக்கம் திரும்பி. "நான் கோளாற அவருகிட்ட சரிபண்ணச் சொல்லல. சரியான வண்டிய ஓட விடுங்கன்னு கேக்கறேன். அதுவும் மாட்டாராம்."

மேடையிலிருந்து செல்லப்பா இறங்கி வந்தார். "வீரமுத்து, இது விழா. இங்க இதைக் கதைக்கிறது முறையில்லை."

"இவங்க வேற எடத்துல கெடைக்க மாட்டேங்கறாங்களே ஐயா. போனப் போட்டா பாட்டு ஓடுது."

யாரோ சிரித்தார்கள். வீரமுத்து சிரிக்கவில்லை. கொஞ்சம் விட்டால் அந்த லேப்டாப்பைக் காரிலிருந்து பிடுங்கி வந்துவிடுவார் போலிருந்தது. கால் இருந்தால் பிடுங்கித்தான் வந்திருப்பார். முகுந்தன் தோளில் கைவைத்தான்.

வேனில் ஏறியதும் முகுந்தன் சொன்னான்: "மாமா, இன்னொரு வழி இருக்கு. பெட்டிய அறுத்துத் தூக்கிப் போட்டுட்டு ஸ்கூட்டர் கன்ட்ரோலர் ரெண்டு மாட்டலாம், சக்கரத்துக்கு ஒண்ணு. ஓடும். ஆனா இப்பிடி வழுக்கிக்கிட்டு ஓடாது. வெட்டி வெட்டி இழுக்கும். பிரேக் கொஞ்சம் முரடா இருக்கும். அப்புறம் கம்பெனிக்காரன் இந்த வண்டிய ஏறெடுத்தும் பாக்க மாட்டான்."

"இப்ப மட்டும் பாத்தானா?"

"விழுந்தா நான் பொறுப்பு மாமா. அத்தை என்னைய வெட்டிப்புடும்."

வீரமுத்து ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கடலோரத்தில் சனங்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு வேலையும் இல்லாமல், போக வேண்டிய இடமும் இல்லாமல், சும்மா நடந்தார்கள்.

"அறு" என்றார்.

அறுத்தான். குச்சி போய், கைப்பிடிக்கு ஒன்றாக இரண்டு முறுக்குத் திருகிகள் வந்தன. வண்டி முதலில் ஒரு பக்கமாகவே சுற்றியது. பட்டறை வாசலில் நின்ற ஒரு மோட்டோவைச் சாய்த்தது. வீரமுத்து ஏசினார், முகுந்தனும் ஏசினான், வயர் மாறியிருந்தது தெரிந்தது. மறுபடி முறுக்கியபோது வண்டி கன்றுக்குட்டி போலத் துள்ளிக்கொண்டு கிளம்பியது. மேடேறும்போது முதுகு பின்னால் இழுத்தது. இறக்கத்தில் பயந்துதான் இறங்கினார். குமுதவல்லி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பழைய லாரி மாதிரி இருக்கு," என்றார் அவர். முகம் வியர்த்திருந்தது.

தவுக்கே கொடுத்த கெடு முடியுமுன் கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தார். தவுக்கேயின் அக்காள் மகள் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். தவுக்கே வண்டியைச் சுற்றி வந்து பார்த்து, தொங்கும் வயரைப் பார்த்து, "போலே ஜாலான் கா?" என்று கேட்டார். போகுமா என்று கேட்கிறார். "ஜாலான் லா," என்றார் வீரமுத்து.

அத்தோடு விட்டார்களா? ஹோட்டலில் நடந்ததைப் பிரேமநாதன் கம்பெனிக்குச் சொல்ல, கம்பெனி சங்கத்துக்குச் சொல்ல, பெட்டியை அறுத்த சேதி ராசாவிலிருந்து எப்படியோ போய்ச் சேர, செல்லப்பா ஒருநாள் காலை சங்கத்து வேனில் வந்தார். வீட்டுக்குப் போயிருக்கிறார். "அவர் வீட்ல இருந்து நான் எப்ப ஐயா பாத்தேன்?" என்று சொல்லிக் குமுதவல்லி முச்சந்திப் பக்கம் கையைக் காட்டியிருக்கிறாள். களத்துக்குள் நுழைய எடைமேடையைத் தவிர வேறு வழியில்லை. வேன் மேடை மேல் ஏறி நின்றது. வீரமுத்து பழக்கத்தில் எடையைப் பார்த்தார். அப்புறம் ஆளைப் பார்த்தார்.

செல்லப்பா இறங்கிக் கொட்டகை ஜன்னலுக்கு வந்தார். கோபமாக இல்லை, சங்கடமாகத்தான் இருந்தார்.

"வீரமுத்து, எனக்கு விளங்குது. ஆனால் சாமான் சங்கத்தின்ர. இப்பிடி வெட்டிக் கொத்தினா இனிமேல் கம்பெனி எங்களுக்கு விலை குறைச்சுத் தரமாட்டன் எண்டு சொல்லுது. அடுத்து வாற ஆக்களுக்குக் கிடைக்காமல் போகும். வண்டியைத் திருப்பி எடுக்கவேண்டி இருக்கு."

கம்பெனியின் கையில் இப்படி ஒரு கத்தி இருக்கும் என்று வீரமுத்து நினைத்திருக்கவில்லை. என் கால் ஓட வேண்டுமானால் மயிலம்மாளின் கால் நிற்க வேண்டும். முடவனையும் முடவனையும் மோத விட்டுவிட்டு எவனோ ஒருவன் ஷா ஆலமில் ஏர்கான் அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

"குடுத்தப்ப பொன்னாட போத்துனீங்களே ஐயா," என்றார்.

"ஒப்படைக்கிறோம் எண்டுதான் சொன்னனான்."

வேனுக்குப் பின்னால் இரண்டு லாரிகள் வந்து நின்றுவிட்டன. முன் லாரியிலிருந்த சன்னாசி ஹாரனை அழுத்திவிட்டுத் தலையை வெளியே நீட்டினான். "என்னா ஐயா, வேன்ல குலை ஏத்திக்கிட்டு வந்திருக்கீங்களா? எடையப் போட்டுக்கிட்டு எறங்குங்க, பழம் அழுகுது." அவனுக்குப் பின்னால் இன்னொரு ஹாரன்.

செல்லப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சட்டையின் மடிப்பு வியர்வையில் நனைந்திருந்தது. "நான் தனிய முடிவெடுக்கேலாது. ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில கூட்டம். அங்க பேசி முடிவெடுக்கிறம்."

"பிரேமநாதன் சாரும் வருவாரா?"

"கம்பெனியை வரச் சொல்லியிருக்கு."

"அப்ப நானும் வர்றேன்."

"கூட்டம் உறுப்பினர்களுக்குத்தான், வீரமுத்து."

"வண்டி வரலாம்ல? வண்டி சங்கத்துச் சொத்துன்னு சொன்னீங்க. சொத்து சங்கத்துக்கு வந்தா யாரும் தடுக்க முடியாது. அது மேல நான் உட்காந்திருப்பேன். மயிலம்மாளையும் கூப்பிட்டுக்கிட்டு வர்றேன். இது நின்னா அவ்வளவுதானான்னு அவங்களே கேக்கட்டும்."

செல்லப்பா என்னவோ சொல்ல வாயெடுத்தார். ஹாரன் சத்தத்தில் அது கேட்கவில்லை. வேன் பின்னால் போக வழியில்லாமல் களத்துக்குள் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே போனது. சன்னாசியின் லாரி மேடையில் ஏறியது.

வீரமுத்துவின் கை கொட்டகை ஜன்னல் சட்டத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. மறுகையால் சீட்டை நீட்டியபோது சன்னாசி அதைப் பார்த்துவிட்டான்.

"அண்ணே, ஞாயித்துக்கிழமை என் லாரி சும்மாதான் நிக்கும்" என்றான்.

"பலகை போட்டு ஏத்தணும். துள்ளும் இது. கயிறு கொண்டா," என்றார் வீரமுத்து. "போ, பின்னால ஆள் நிக்கிது."